நகரத்தின் காலநிலைத் திட்டமிடலுக்கு மாநில மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பல மாநில அரசுகள், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளத் திட்டம் வகுக்கும் நகரங்களுக்கு மானியம் வழங்குகின்றன. இந்த மானியத்தைப் பற்றி நகர மன்ற உறுப்பினர்களும் நகராட்சி அலுவலர்களும் வரி செலுத்தும் நகரவாசிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லப்பட்டுள்ளது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுவதால், எங்கும் பொருந்தும் செய்திகளை முதன்மையாகவும், மாசசூசெட்ஸ், நியூயார்க், கலிபோர்னியா ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகவும் கொண்டுள்ளோம்.

திட்டமிடல் மானியம் என்பது சரியாக எதற்கான பணம்?

வெள்ளம், வெப்பம், காட்டுத்தீ, கடல்மட்ட உயர்வு போன்றவை நகரத்தை எங்கெங்கே தாக்கும், நகரம் எவ்வளவு பசுங்குடில் வாயுவை வெளியிடுகிறது, இவ்விரண்டுக்கும் நகரம் என்ன செய்யப்போகிறது ஆகியவற்றை ஆராய்ந்து, மக்களிடம் கேட்டு, எழுத்தில் வடித்து, நகர மன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றுவது வரையிலான வேலைக்கு உரிய பணம் அது. அதைக் கொண்டு ஒரு வடிகாலைக்கூடக் கட்ட முடியாது. “அப்படியானால் காகிதத்துக்கா இவ்வளவு செலவு?” என்று கேட்பவர்களின் எரிச்சலில் ஓரளவு நியாயமும் உண்டு, ஏனெனில் அலமாரியில் தூங்கும் திட்டங்கள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் எந்தச் சாலையை உயர்த்துவது, எந்தத் தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதி மறுப்பது, எந்த நீரேற்று நிலையத்தை இடம் மாற்றுவது என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்யாத நகரம், அந்த முடிவுகளை வெள்ளம் வடிந்த மறுநாள் அவசரத்தில் எடுக்க வேண்டியிருக்கும்.

நகரம் தன் சொந்தப் பணத்தில் இதைச் செய்ய முடியாதா?

பெரிய நகரங்களால் முடியும், சில செய்தும் இருக்கின்றன. சிறிய, நடுத்தர நகரங்களின் நிலை வேறு. அங்கே திட்டத்துறையில் இருவர் அல்லது மூவர்தான் இருப்பார்கள். கட்டட அனுமதி விண்ணப்பங்களைப் பார்த்து முடிக்கவே அவர்களுக்கு நேரம் போதாது. வெள்ளம் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணிக்கும் வெள்ள மாதிரிகளை ஓட்டிப் பார்க்கத் தேவையான பொறியியல் திறனை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் சாலைப் பராமரிப்புக்கும் ஒதுக்கியபின் எஞ்சும் தொகையில், பத்தாண்டு கழித்துப் பயன்தரும் ஆய்வுக்கு வாக்களிக்கும் துணிவு எல்லா நகர மன்றத்துக்கும் வந்துவிடாது.

மாநில அரசுக்கு இதில் என்ன அக்கறை?

முதல் காரணம் அதிகாரப் பகிர்வு. உமிழ்வைக் குறைக்க மாநில அரசு இலக்கு வைக்கலாம்; ஆனால் எந்த நிலத்தில் என்ன கட்டலாம், பேருந்து நிறுத்தத்தின் அருகே எத்தனை மாடி எழலாம், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் விட வேண்டும் என்பவை பெரும்பாலும் நகரத்தின் கையில் உள்ளவை. நகரங்கள் அசையாமல் மாநிலத்தின் இலக்கு நிறைவேறாது.

இரண்டாவது காரணம் சட்டக் கடமை. 2015இல் கலிபோர்னியா இயற்றிய 379ஆம் எண் செனட் சட்டம், ஒவ்வொரு நகரமும் தன் வளர்ச்சிக்கு வழிகாட்டும் நீண்டகால ஆவணமான பொதுத் திட்டத்தின் பாதுகாப்புப் பகுதியில் காலநிலைத் தகவமைப்பை, அதாவது வரும் பாதிப்பைத் தாங்கும் ஏற்பாட்டை, சேர்த்தாக வேண்டும் என்கிறது. 2023இல் வந்த 272ஆம் எண் செனட் சட்டம், கடலோர உள்ளாட்சிகள் 2034 ஜனவரி 1க்குள் கடல்மட்ட உயர்வுக்கான திட்டத்தை வகுக்க வேண்டும் என்று கெடு விதித்துள்ளது. கடமையைச் சுமத்திவிட்டுப் பணம் தராமல் இருந்தால் உள்ளாட்சிகள் முணுமுணுக்கும் என்பது மாநிலத் தலைநகரங்களுக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது காரணத்தை விளம்பர அறிவிப்புகளில் காண முடியாது. கட்டுமானத்துக்கான பெருந்தொகை பின்னால் வரும்போது அதை எங்கே கொட்டுவது என்று மாநில அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திட்டமிடல் மானியத்தில் தயாரான ஆவணங்கள்தான் அந்தப் பட்டியலை அமைத்துத் தருகின்றன.

வெவ்வேறு மாநிலங்களில் இது எப்படி நடக்கிறது?

மூன்று வழிகளைச் சொல்லலாம்.

மாசசூசெட்ஸில் ஆளுநர் சார்லி பேக்கர் 2016 செப்டம்பரில் பிறப்பித்த 569ஆம் எண் நிர்வாக ஆணையின் தொடர்ச்சியாக, 2017இல் நகரங்களின் பாதிப்பு ஆயத்தத்துக்கான மானியத் திட்டம் தொடங்கியது. அந்த மாநிலத்தில் மொத்தம் 351 நகரங்களும் ஊர்களும் உள்ளன. பெரும்பாலானவை இத்திட்டத்தில் சேர்ந்துவிட்டன. முதலில் நகரம் ஒரு சிறு திட்டமிடல் மானியத்தைப் பெறும். மாநில அரசிடம் பயிற்சியும் சான்றும் பெற்ற ஆலோசகர் ஒருவரின் துணையோடு ஊர்க்காரர்களை அமர்த்திப் பட்டறை நடத்தும். ஊரைத் தாக்கும் முதன்மையான ஆபத்துகள் எவை, கட்டமைப்பிலும் சமூகத்திலும் இயற்கைச் சூழலிலும் எது வலிமை, எது பலவீனம் என்று பெரிய அட்டவணை ஒன்றில் எழுதி, எதை முதலில் செய்வது என்று அங்கேயே முடிவு செய்வார்கள். அறிக்கை ஏற்கப்பட்டதும் நகரத்துக்குத் தகுதி வழங்கப்படும். அதன்பின்தான் திட்டத்தை நிறைவேற்றப் பணம் தரும் செயல் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியும். சிறு மானியத்தைப் பெரிய மானியத்தின் வாசலாக அமைத்த இந்த ஏற்பாடுதான் நாம் பார்த்தவற்றில் மிகப் புத்திசாலித்தனமானது. எழுதிய திட்டத்தைத் தூங்கவிட்டால் இழப்பு நகரத்துக்கே என்பது தொடக்கத்திலேயே புரிந்துவிடுகிறது.

நியூயார்க் 2009இல் தொடங்கிய காலநிலை விவேகச் சமூகங்கள் என்ற திட்டத்தில், நகரம் முதலில் பத்து அம்ச உறுதிமொழியைத் தீர்மானமாக நிறைவேற்றுகிறது. செய்து முடித்த வேலைகளுக்குப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் சேரச் சேர வெண்கலம், வெள்ளி என்று சான்று உயரும். மானியப் பிரிவு 2016இல் சேர்க்கப்பட்டது. செலவில் பாதியை மாநிலம் தர, மறுபாதியை நகரம் தேடிக்கொள்வது அதன் அடிப்படை அமைப்பு.

கலிபோர்னியாவில் ஒரே வாசல் கிடையாது. போக்குவரத்துத் துறை ஒரு மானியம், கடல் பாதுகாப்பு மன்றம் ஒன்று, தகவமைப்புக்கு வேறோர் அலுவலகம் ஒன்று என்று பல அலுவலகங்கள் தருகின்றன. 2015இல் சட்டத்தால் உருவான ஒருங்கிணைந்த காலநிலைத் தகவமைப்பு மற்றும் மீள்திறன் திட்டத்தின் கீழ் வந்த தகவமைப்புத் திட்டமிடல் மானியத்தின் முதல் சுற்றில், ஒரு விண்ணப்பதாரர் 1,00,000 டாலரிலிருந்து 6,50,000 டாலர் வரை கேட்க முடிந்தது. வாய்ப்புகள் மிகுதி என்பது உண்மை. ஆனால் எந்த வாசலில் நிற்பது என்று கண்டுபிடிக்கவே தனி ஆள் வேண்டும் என்பதும் உண்மை.

மாநிலத்துக்கு இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

கடன் பத்திரம், உமிழ்வு ஏலம் (பசுங்குடில் வாயுவை வெளியிடும் அனுமதிகளை நிறுவனங்களுக்கு ஏலம் விடுவது), தனி நிதியம், பொது வருவாய் ஆகிய நான்கு ஊற்றுகளைச் சொல்லலாம். கலிபோர்னியா வாக்காளர்கள் 2006இல் ஏற்ற 84ஆம் முன்மொழிவு ஏறத்தாழ 540 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வழிவிட்டது. அதில் 9 கோடி டாலர் நகரங்களின் திட்டமிடலுக்கும் அதை ஊக்குவிக்கவும் ஒதுக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஏற்கப்பட்ட 4ஆம் முன்மொழிவு 1,000 கோடி டாலருக்கானது. நியூயார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் 1993இல் உருவானது. சொத்துக் கைமாறும்போது செலுத்தப்படும் வரியிலிருந்து அதற்குப் பணம் சேர்கிறது.

ஊற்று எது என்று விண்ணப்பதாரர் கவலைப்பட வேண்டுமா என்றால், வேண்டும். பொது வருவாயிலிருந்து வரும் மானியத்தை மாநிலத்தின் வருமானம் சரிந்த ஆண்டில் பாதியிலேயே குறைத்துவிடலாம். கடன் பத்திரப் பணம் அவ்வளவு எளிதில் மறையாது, ஆனால் அதை எதற்குச் செலவிடலாம் என்ற விதிகள் இறுக்கமானவை. உமிழ்வு ஏல வருவாய் ஏலத்துக்கு ஏலம் ஏறி இறங்கும்.

உமிழ்வைக் குறைக்கும் திட்டத்துக்கா, பாதிப்பைத் தாங்கும் திட்டத்துக்கா?

இரண்டுக்கும் உண்டு; ஆனால் ஒரே மானியத்தில் இரண்டும் எப்போதும் அடங்கா. உமிழ்வைக் குறைப்பது தணிப்பு. வருவதைத் தாங்கப் பழகுவது தகவமைப்பு. தணிப்புத் திட்டம் கணக்கெடுப்பில் தொடங்கும். உலக வள நிறுவனம், சி40 நகரங்கள் அமைப்பு, உள்ளாட்சிகளின் கூட்டமைப்பான இக்லி ஆகியவை 2014இல் வெளியிட்ட உலகளாவிய நெறிமுறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. நகரத்துக்குள் எரிக்கப்படும் எரிபொருள், வெளியே உற்பத்தியாகி உள்ளே நுகரப்படும் மின்சாரம், நகரத்தின் செயல்களால் எல்லைக்கு வெளியே நேரும் உமிழ்வு என்று அது மூன்றாகப் பிரித்துக் கணக்கிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின் நிறுவனமும் எரிவாயு நிறுவனமும் தரும் நுகர்வுக் கணக்கு இல்லாமல் இந்தக் கணக்கெடுப்பு நடக்காது. ஒரு பெரிய தொழிற்சாலையின் நுகர்வு தனியாக அடையாளம் தெரிந்துவிடும் என்றால், வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி அந்தத் தரவைத் தர மறுப்பார்கள் அல்லது வேறு பிரிவோடு சேர்த்துத் தருவார்கள். கடிதப் போக்குவரத்தே சில மாதங்களை விழுங்கிவிடும். ஆகவே மானியம் கிடைத்தபின் கேட்கலாம் என்று காத்திராமல், விண்ணப்பம் எழுதும்போதே தரவைக் கேட்டு எழுதிவிடுவது நல்லது.

நகரம் தன் பங்காகப் பணம் போட வேண்டுமா?

பல மானியங்களில் வேண்டும். இதை இணைநிதி என்போம். நியூயார்க்கின் மானியத்தைப் போலப் பாதிக்குப் பாதி கேட்பவை உண்டு. கலிபோர்னியாவின் தகவமைப்பு மானியத்தைப் போல எதுவும் கேட்காதவையும் உண்டு. இணைநிதி என்பது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நகர அலுவலர் இந்த வேலைக்குச் செலவிடும் நேரம், தன்னார்வலர்களின் உழைப்பு, கூட்டம் நடத்தக் கொடுத்த மண்டபத்தின் வாடகை மதிப்பு ஆகியவற்றையும் பல மாநிலங்கள் கணக்கில் ஏற்கின்றன. ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையொப்பமிட்ட பதிவேடு இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுத உட்காரும் நகரங்கள் தணிக்கையில் திணறுவதில் வியப்பில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் பணம் வந்துவிடுமா?

வராது. வரவுசெலவு அலுவலர்களை அதிகம் ஏமாற்றும் செய்தி இதுதான். மாநில மானியங்களில் பெரும்பாலானவை செலவழித்தபின் ஈடுசெய்பவை. நகரம் முதலில் தன் கையிலிருந்து ஆலோசகருக்குக் கொடுக்கும். பில்களையும் முன்னேற்ற அறிக்கையையும் இணைத்து மாநிலத்துக்கு அனுப்பும். அவர்கள் சரிபார்த்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பிறகு பணம் விடுவிப்பார்கள். சில மாநிலங்கள் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே தருகின்றன.

கையிருப்பு உள்ள நகரத்துக்கு இது தொல்லை மட்டுமே. கையிருப்பு இல்லாத நகரத்துக்கோ இது கதவடைப்பு. எந்த ஊர்களுக்கு மானியம் மிகத் தேவையோ அந்த ஊர்களே விண்ணப்பிக்கத் தயங்குவதற்கு இந்த ஈடுசெய்யும் முறை பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. ஒரு பகுதியை முன்பணமாகத் தர அனுமதிக்கும் மானியங்களும் இருக்கின்றன. விதிமுறை நூலில் அது கண்ணில் படும் இடத்தில் இருக்காது; தேடிப் படித்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

எதற்குச் செலவிடக் கூடாது?

கட்டுமானம், நிலம் வாங்குதல், அரசியல் ஆதரவு திரட்டுதல், விண்ணப்பம் எழுதிய செலவு, ஒப்பந்தம் நடைமுறைக்கு வருமுன் செய்த செலவு ஆகியவற்றைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். கடைசியில் சொன்னதில்தான் பலர் விழுகிறார்கள். தேர்வானதாக அறிவிப்பு வந்த நாளும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளும் வேறு; இடையே பல மாதங்கள் ஓடலாம். அறிவிப்பு வந்த மகிழ்ச்சியில் வேலையைத் தொடங்கினால் அந்தச் செலவு நகரத்தின் தலையில்தான்.

நல்ல விண்ணப்பத்தை எது வேறுபடுத்திக் காட்டுகிறது?

“எங்கள் நகரம் காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படுகிறது, ஆகவே ஒரு முழுமையான திட்டம் தேவை” என்று தொடங்கும் விண்ணப்பங்கள் ஒன்றுபோலவே இருக்கும். மதிப்பீட்டாளர் ஒருவர் அத்தகைய இருபது விண்ணப்பங்களை அடுக்கி வைத்துப் படிக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

திட்டம் முடிந்ததும் நகரம் எந்த முடிவை எடுக்கப்போகிறது என்று முதல் பத்தியிலேயே சொல்லும் விண்ணப்பம் தனித்து நிற்கும். எடுத்துக்காட்டாக, ஆற்றோரம் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தன் ஆயுளை முடிக்கும் தறுவாயில் இருக்கிறது. அதே இடத்தில் உயர்த்திக் கட்டுவதா, மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோவதா என்று நகரம் தீர்மானித்தாக வேண்டும். அதற்கு இன்னின்ன வெள்ளக் கணிப்புகள் தேவை. அவை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் மூலதனச் செலவுத் திட்டத்தில் இது சேர்க்கப்படும் என்று எழுதினால், மானியம் எங்கே போய்ச் சேரும் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். முடிவு எதையும் குறிவைக்காத திட்டமிடலுக்கு மானியம் கேட்காமலிருப்பதே மேல் என்றுகூடச் சொல்வோம்.

அடுத்தபடியாக, யாருக்குப் பாதிப்பு என்பதைத் தெருவளவில் காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் மாசுச் சுமையையும் மக்களின் நலிவையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதிவாரியாகக் காட்டும் கால்என்விரோஸ்கிரீன் என்ற வரைபடம் இருக்கிறது. பல மானியங்களில் அதை வைத்தே புள்ளி தருகிறார்கள். வேறு மாநிலங்களிலும் இதற்கு இணையான வரைபடங்கள் உள்ளன. நகரத்தின் சராசரி வருமானத்தை மட்டும் எழுதினால், செழிப்பான பகுதியின் நிழலில் ஏழைத் தெருக்கள் மறைந்துவிடும்.

மூன்றாவதாக, நகர மன்றத்தின் தீர்மானம், பொதுப்பணித் துறையின் கடிதம், பள்ளி நிர்வாகத்தின் கடிதம் ஆகியவை இணைந்திருக்க வேண்டும். எல்லாக் கடிதமும் ஒரே வாசகத்தில் இருந்தால் அவற்றை ஒருவரே எழுதியிருக்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகாது.

ஆலோசனை நிறுவனத்திடம் முழுவதையும் ஒப்படைக்கலாமா?

வெள்ள மாதிரி, உமிழ்வுக் கணக்கு, வரைபடம் ஆகியவற்றை ஒப்படைக்கலாம், ஒப்படைக்கவும் வேண்டியிருக்கும். முன்னுரிமையைத் தீர்மானிப்பதை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. நிறுவனம் வேலையை முடித்துவிட்டுப் போனபின் “இந்த நடவடிக்கை ஏன் மூன்றாம் இடத்தில் இருக்கிறது?” என்று உறுப்பினர் கேட்கும்போது பதில் சொல்ல நகராட்சியில் ஒருவர் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்: கணக்கீட்டுக் கோப்புகள், வரைபடத் தரவுகள் ஆகியவை திருத்தக்கூடிய வடிவில் நகரத்துக்குச் சொந்தம். அச்சடித்த அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்ட நகரம், ஐந்தாண்டு கழித்து ஓர் எண்ணைத் திருத்துவதற்கு மறுபடியும் அதே நிறுவனத்துக்குப் பணம் கட்ட நேரும். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் முறை மாநிலத்தின் கொள்முதல் விதிப்படி நடந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இல்லையெனில் அந்தச் செலவையே மறுத்துவிடுவார்கள்.

மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமா?

ஆம். வேலைநாள் மாலையில் நகர மன்றத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வருபவர்கள் எப்போதும் வருகிற அதே பன்னிரண்டு பேர்தான். இரவுப்பணி செய்பவரும், வாடகை வீட்டில் குளிர்சாதனம் இல்லாமல் வெயில்காலத்தைக் கழிக்கும் முதியவரும், ஆங்கிலம் அறியாத குடும்பமும் அங்கே வருவதில்லை. மொழிபெயர்ப்புக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் பங்கேற்பவரின் நேரத்துக்கு ஈடு தருவதற்கும் செலவிட அனுமதிக்கும் மானியங்கள் இருக்கின்றன. வரவுசெலவுப் பட்டியலில் அந்த வரியைத் தொடக்கத்திலேயே சேர்த்திருந்தால்தான் பிறகு செலவிட முடியும்.

சிறிய ஊர்கள் என்ன செய்யலாம்?

பக்கத்து ஊர்களோடு சேர்ந்து கேட்கலாம். ஒரே ஆற்றின் கரையில் உள்ள நான்கு ஊர்கள் தனித்தனியே நான்கு வெள்ள மாதிரிகளைச் செய்வதில் பொருளும் இல்லை. வட்டாரத் திட்டக்குழு போன்ற அமைப்பு முன்னணி விண்ணப்பதாரராக நின்று கணக்குவழக்கைச் சுமந்தால் சிறிய ஊர்களின் பாரம் குறையும்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஒப்பந்தத்துக்குப் பின் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். நடுவே நகர மன்றத் தேர்தல் வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

திட்டம் முடிந்தபின் நகரத்துக்கு என்ன கிடைக்கும்?

அடுத்த வரிசையில் நிற்கும் உரிமை கிடைக்கும். மாசசூசெட்ஸின் செயல் மானியத்தை முன்பே சொன்னோம். ஒன்றிய அரசின் அளவில் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் காலநிலை மாசுக் குறைப்பு மானியங்களுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 25 கோடி மட்டுமே திட்டமிடலுக்கு; ஒரு மாநிலத்துக்கு 30 லட்சம், பெருநகர வட்டாரம் ஒன்றுக்கு 10 லட்சம் என்று அது பிரிக்கப்பட்டது. முன்னுரிமைத் திட்டத்தை 2024 மார்ச் 1க்குள் மாநிலங்களும் வட்டாரங்களும் தர வேண்டியிருந்தது. அதற்கு ஒரே மாதத்தில், ஏப்ரல் 1இல், செயலாக்க நிதிக்கான விண்ணப்பக் கெடு. அந்தத் திட்டங்கள் எதிலும் இடம்பெறாத நடவடிக்கைக்குச் செயலாக்கப் பணம் கேட்கவே முடியாது என்பது விதியாக இருந்தது. தங்கள் மாநிலத் திட்டம் எழுதப்பட்டபோது கருத்துச் சொல்லாமலிருந்த நகரங்களுக்கு, தங்களுக்கு வேண்டியதைச் சேர்க்க அதன்பின் நேரம் இல்லை.

கலிபோர்னியாவில் வேறொரு பயனும் உண்டு. அங்குள்ள சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் நெறிமுறைகளுக்கு ஏற்பத் தயாரான உமிழ்வுக் குறைப்புத் திட்டம் ஒரு நகரத்திடம் இருந்தால், அதற்கு இசைவாக வரும் புதிய கட்டுமானங்கள் பசுங்குடில் வாயு பற்றிய ஆய்வை முதலிலிருந்து செய்யாமல் அந்தத் திட்டத்தின் ஆய்வையே சார்ந்து நிற்கலாம். காலநிலை என்றாலே ஒதுங்கும் கட்டுமானத் தொழிலினர், இந்த ஒரு காரணத்துக்காகத் திட்டத்தை ஆதரிப்பதும் உண்டு.

விண்ணப்பம் தேர்வாகவில்லை என்றால்?

மதிப்பெண் பட்டியலையும் மதிப்பீட்டாளர் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் தருவார்கள். அடுத்த சுற்றுக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

திட்டத்தை எப்போது புதுப்பிக்க வேண்டும்?

ஒன்றிய அரசின் பேரிடர்த் தணிப்பு நிதியைப் பெற, உள்ளாட்சியின் பேரிடர்த் தணிப்புத் திட்டம் (உமிழ்வைக் குறைப்பதற்கானதன்று, பேரிடரின் சேதத்தைக் குறைப்பதற்கானது) ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சுற்றோடு காலநிலைத் திட்டத்தின் புதுப்பிப்பையும் இணைத்துவிட்டால், ஒரே வெள்ள வரைபடமும் ஒரே கருத்துக் கேட்பும் இரண்டுக்கும் பயன்படும். கலிபோர்னியாவின் 379ஆம் எண் சட்டமும் பாதுகாப்புப் பகுதியின் திருத்தத்தைப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தின் புதுப்பிப்போடுதான் பிணைத்தது. உங்கள் நகரத்தின் பேரிடர்த் தணிப்புத் திட்டம் எந்த ஆண்டில் காலாவதியாகிறது என்பதை அதன் முதல் சில பக்கங்களிலேயே காணலாம். அந்தத் தேதியிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணினால், மானியத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும்.